ஓரத்துப் பட்டையும் நடுச் சக்கரமும்

“சார், மவுஸ் அசையுது. பேஜ்தான் நகர மாட்டேங்குது.” கணினி பழுதுபார்க்கும் எனக்கு மாதத்துக்கு நாலு முறையாவது இந்த போன் வருகிறது. அந்தக் காலத்தில் இப்படிச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மவுஸில் சக்கரமே கிடையாது என்பது ஒரு காரணம். ஆனால் சக்கரம் வந்த பிறகும் பல வருடம் யாரும் கூப்பிடவில்லையே!

அப்போது மவுஸில் கோளாறு என்றால் அது வயிற்றுக் கோளாறுதான். கவிழ்த்து, அடியிலிருக்கும் வளையத்தைத் திருகினால் ரப்பர் பூசிய கனமான உருண்டை உள்ளங்கையில் விழும். உள்ளே இரண்டு மெல்லிய உருளைகள். அவற்றின் நடுவில் மோதிரம் மாட்டியதுபோல் கறுப்பு அழுக்கு அப்பிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். உருண்டையைச் சட்டை நுனியில் துடைத்து உள்ளே போட்டால் வேலை முடிந்தது. (பள்ளிக்கூட லேபுகளில் உருண்டையே காணாமல் போகும். பையன்களின் டவுசர் பையைத்தான் தேட வேண்டும்.)

பக்கத்தை நகர்த்த ஜன்னலின் வலது ஓரத்தில் பட்டை இருந்தது. சாம்பல் நிறம், விரல் பருமன், மேலும் கீழும் அம்புக்குறி. அம்பை அமுக்கினால் ஒரு வரி நகரும். நடுவிலிருக்கும் கட்டையைப் பிடித்து இழுத்தால் நூறு பக்கம் தாண்டலாம்.

1996-ல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெலிமவுஸ் வந்த பிறகுதான் சக்கரம் பரவியது. மவுஸில் சக்கரம் இருந்தால் போதுமா, மென்பொருளுக்கும் அது புரிய வேண்டுமே. ஆஃபீஸ் 97-க்குப் புரிந்தது. 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6-ல் நிரல் எழுதும் ஜன்னலுக்குப் புரியவில்லை. அதற்கென்று தனியாக ஒரு துணைக்கோப்பைப் பதிந்த பிறகே பக்கம் நகர்ந்தது.

சக்கரம் இருப்பதைக் கணினி கண்டுபிடித்த விதம் ரசிக்கத்தக்கது. வட்டச் செருகி கொண்ட பிஎஸ்/2 மவுஸ் ஒவ்வோர் அசைவையும் மூன்று பைட்டில் சொல்லும். சக்கரத்துக்கு நாலாவது பைட் வேண்டும். எதிரே இருப்பது பழைய மவுஸா, புதியதா? டிரைவர், ‘நொடிக்கு 200 தடவை சொல்லு, 100 தடவை சொல்லு, 80 தடவை சொல்லு’ என்று அடுத்தடுத்து மூன்று கட்டளை போட்டுவிட்டு, ‘உன் எண் என்ன?’ என்று கேட்கும். கதவைச் சங்கேதமாகத் தட்டுவதுபோலத்தான். பழைய மவுஸ் சொன்னபடி கேட்டுவிட்டு, எப்போதும்போல் ‘என் எண் 0’ என்று சொல்லும். சக்கரக்காரன் மட்டும் ‘என் எண் 3’ என்று பதில் கொடுப்பான். இரண்டு கணினிக்கு ஒரே மவுஸைப் பகிரும் கேவிஎம் பெட்டி நடுவில் நின்றால், சில சமயம் இந்தத் தட்டல் உள்ளே போய்ச் சேராது; சக்கரம் ஊமையாகிவிடும். அப்போதும் யாரும் பதறவில்லை. ஓரத்தில்தான் பட்டை இருக்கிறதே.

இன்று உருண்டை போய் ஒளி வந்துவிட்டது. நகத்துக்கு வேலை குறைந்து வாய்க்கு வேலை கூடிவிட்டது. போனை எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, “எந்த சாஃப்ட்வேர்ல?” விண்டோஸுக்குச் சக்கரத்தின் ஒரு ‘டிக்’ என்பது 120 என்ற எண், அவ்வளவுதான். அதை வைத்து என்ன செய்வது என்பது அந்தந்த மென்பொருளின் இஷ்டம். வேர்டில் பக்கம் நகரும். ஆட்டோகேடில் படம் பெரிதாகும், சிறிதாகும். டீ சிந்தி கன்ட்ரோல் கீ ஒட்டிக்கொண்டால் வேர்டிலும் எழுத்து ஊதிப் பெருக்கும். எனக்குப் பயம் தருவது படிவங்கள்தான். மாவட்டப் பட்டியலில் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வேறெங்கும் கிளிக் செய்யாமல், பக்கத்தை இறக்கச் சக்கரத்தை உருட்டுவார்கள். தஞ்சாவூர் சத்தமில்லாமல் தருமபுரியாகிவிடும். படிவமும் போய்விடும்.

இதற்கிடையில் ஓரத்துப் பட்டை இளைத்துக்கொண்டே வந்தது. 2011-ல் ஆப்பிளின் மேக் இயங்குதளமான லயன், சக்கரத்தின் திசையைத் தலைகீழாக்கிய கையோடு பட்டையையும் மறைத்து வைத்தது. விண்டோஸ் 11-லும் பல ஜன்னல்களில் அது மயிரிழைதான்; கிட்டே போனால்தான் தடிக்கும். எப்போதும் காட்டச் சொல்லி ஒரு செட்டிங் இருக்கிறது. நான் போகிற இடத்திலெல்லாம் அதைப் போட்டுவிட்டுத்தான் வருகிறேன். என் தொழிலுக்கு நஷ்டம்தான்.

போன வாரம் ஓர் ஆடிட்டர் அலுவலகம். இரண்டு வரி இறங்கினால் ஒரு வரி ஏறுகிறது. டிரைவரை நீக்கிப் போட்டேன், ஒரு ‘டிக்’குக்கு எத்தனை வரி என்ற கணக்கை மாற்றினேன், யுஎஸ்பி துளையை மாற்றினேன். வேறு மவுஸை மாட்டிப் பார்க்கும் புத்தி முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அது ஒழுங்காக ஓடியது. பழையதைக் கழற்றினேன். சக்கரத்தின் அச்சில் தலைமுடி சுற்றி, பஞ்சுபோல் தூசி. மலிவான மவுஸில் சக்கரம் திரும்பும் திசையை உள்ளே உரசும் உலோகத் தொடுமுனைகள்தான் சொல்கின்றன. அங்கே தூசி புகுந்தால் கீழே என்பது மேலே என்றாகும். நகத்தால்தான் எடுத்தேன்.

அடுத்த மேஜையில் தலை நரைத்த கணக்கர் ஒருவர், பேஜ் டவுன் கீயைத் தட்டித் தட்டி லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே சார்?” என்றேன். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர் மவுஸை வாங்கி உருட்டிப் பார்த்தேன். சக்கரம் செத்து எத்தனை மாதமாயிற்றோ.