‘சர்வர் டவுன்’ என்றால் என்ன?

(பத்தாம் வகுப்பு மாணவி, உவரி)

‘சர்வர் டவுன்’ என்ற இரண்டு சொற்களைக் கேளாதவர் நம் உவரியில் இருக்க முடியாது. ரேஷன் கடை, வங்கி, இ-சேவை மையம் என்று எங்கே போனாலும் அவை நமக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும். விடியலில் கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்து, விற்று முடித்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு தாய் பஸ் ஏறிப் போகிறார். இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கிறார். ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்கம்மா’ என்ற பதிலோடு திரும்புகிறார். போன பஸ் காசும் போன பொழுதும் அவருடையவை.

அந்த இரண்டு சொற்களுக்குள் வெவ்வேறு கோளாறுகள் பல ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவது அப்படியொன்றும் கடினமன்று என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

முதலில் சர்வர் யார் என்று பார்ப்போம். ஓட்டலில் இட்லி கொண்டுவருபவரையும் நாம் சர்வர் என்றே அழைக்கிறோம். பெயர்ப் பொருத்தம் சரியானதே. கேட்டதை எடுத்து வந்து கொடுப்பதே இருவருக்கும் வேலை. பெயர், பிறந்த தேதி, கணக்கு, பாக்கி போன்ற விவரங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் பேரேட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். அதைக் காத்து, கேட்ட பக்கத்தை எடுத்துத் தரும் புரோகிராமே தரவுத்தள சர்வர். போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் என்பன உலகெங்கும் பயன்படும் இரண்டு. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களுள் ஒருவரான பின்லாந்து நாட்டு மைக்கேல் விடேனியஸ், ‘மை’ என்ற தம் மகளின் பெயரையே அதற்கு வைத்தார். 2009-இல் அதிலிருந்து கிளைத்த மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயர் கிடைத்தது. பெண்கள் பள்ளி மலரில் இதைச் சொல்லாமல் விடலாமா?

ஒரு கம்ப்யூட்டரில் பல புரோகிராம்கள் குடியிருக்கலாம். ஆகவே ஒவ்வொன்றும் ஒரு வாசல் எண்ணை வைத்துக்கொள்கிறது. இதைப் போர்ட் என்பர். மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான வாசல் 3306, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு 5432. வருகிறவர் முகவரியையும் வாசல் எண்ணையும் சரியாகச் சொல்லித் தட்ட வேண்டும்.

ஒரு பள்ளி நூலகத்தின் பேரேடு ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அறையிலுள்ள கம்ப்யூட்டர் அதனோடு பேச வேண்டும். பேச்சுக்கு முன் மூன்று படியில் ஒரு வணக்கம் நடக்கிறது. ‘பேசலாமா?’ என்று இது கேட்கும். ‘பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?’ என்று அது சொல்லும். ‘கேட்கிறது’ என்று இது முடிக்கும். இந்த வணக்கம் முறிந்துபோனால் எப்படி முறிந்தது என்று கவனிப்பதே முதல் வேலை. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்ததா? அல்லது வெகுநேரம் மௌனமாக இருந்து ‘டைம்டு அவுட்’ என்று வந்ததா? இரண்டும் மறுப்புத்தானே என்று நினைக்கத் தோன்றும். இல்லை, இரண்டும் வேறு வேறு இடங்களைச் சுட்டிக்காட்டுகின்றன.

உடனே மறுப்பு வந்தால் அது நல்ல செய்தி எனலாம். நாம் அனுப்பிய கேள்வி அந்தக் கம்ப்யூட்டரைச் சென்றடைந்து, அங்கிருந்து பதிலும் திரும்பியிருக்கிறது. கம்பி சரி, பாதை சரி. (சில காவல் அமைப்புகளும் இப்படி முகத்திலடித்தாற்போல் மறுப்பதுண்டு, ஆயினும் முதலில் ஐயுற வேண்டியது சர்வரையே.) அந்த வாசலில் கேட்க ஆள் இல்லை என்பதுதான் பொருள். மின்வெட்டுக்குப் பின் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும், புரோகிராம் தானாக எழும்படி அமைக்கப்பட்டிராது. அல்லது வட்டு நிரம்பி, எழுத இடமின்றிச் சர்வர் நின்றுபோயிருக்கும்.

புரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தும் மறுப்பு வருவதுண்டு. பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லைப் புதிதாக நிறுவினால், அது 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே காது கொடுக்கும். அந்த எண்ணுக்கு ‘நானே’ என்று பொருள். தன் வீட்டுக்குள்ளிருந்து வரும் குரலை மட்டும் கேட்கும் காது அது. நூலகக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் அருமையாக வேலை செய்யும். அடுத்த அறையிலிருந்து தட்டினால் மறுப்பே வரும். ஆகவே உள்ளே சோதிக்கும்போதும் அந்தக் கம்ப்யூட்டரின் வலைப்பின்னல் முகவரியைக் கொடுத்தே சோதிக்க வேண்டும். எந்த முகவரியில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை ‘நெட்ஸ்டாட்’ என்ற கட்டளை காட்டிவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ‘லிசன் அட்ரசஸ்’ என்றும், மைஎஸ்கியூஎல்லில் ‘பைண்ட் அட்ரஸ்’ என்றும் உள்ள வரியில் வலைப்பின்னல் முகவரியை எழுதி, சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் காது திறக்கும்.

மௌனம் வந்தால் பாதையைப் பார்க்க வேண்டும். ஃபயர்வால் என்னும் காவலாளி, வந்த கேள்வியைப் பதில் சொல்லாமலே கீழே போட்டிருக்கலாம். கம்பி கழன்றிருக்கலாம். ரூட்டர் நின்று எழுந்தபோது நூலகக் கம்ப்யூட்டருக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். நாம் பழைய வீட்டைத் தட்டிக்கொண்டிருப்போம். சர்வராக இருக்கும் கம்ப்யூட்டருக்கு மாறாத முகவரி தருவது இதற்காகவே.

வாசல் திறந்த பிறகும் திருப்பி அனுப்பப்படுவது வேறொரு வகை. விடுதியில் படிக்கும் தோழியருக்கு இதை விளக்கவே வேண்டாம். பார்க்க வந்தவர் உண்மையான சித்தப்பாவாகவே இருந்தாலும், சிஸ்டரிடமுள்ள பட்டியலில் பெயர் இல்லையென்றால் பார்லரைத் தாண்ட முடியாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு: எந்த முகவரியிலிருந்து, எந்தப் பெயரில், எந்தத் தரவுத்தளத்துக்கு வரலாம் என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். இனி, கூட்டம். மைஎஸ்கியூஎல் ஒரே நேரத்தில் 151 இணைப்புகளையும், போஸ்ட்கிரெஸ்கியூஎல் 100 இணைப்புகளையும் ஏற்கும்படி நிறுவப்படுகின்றன, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். நிறைந்துவிட்டால் அடுத்தவருக்கு இடமில்லை. அங்கே எதுவும் பழுதாகவில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாக் கதவையும் எல்லாருக்கும் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படித் திறந்து வைத்தவர்கள் பட்டது கொஞ்சமன்று. 2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ என்ற புழு, மைக்ரோசாப்டின் தரவுத்தள சர்வரில் 1434 என்ற வாசல் வழியே நுழைந்தது. பத்தே நிமிடத்தில் அது தொற்றக்கூடிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றைத் தொற்றிவிட்டது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ் என்ற அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கே ஃபயர்வால் இருந்தது. ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு ஒப்பந்ததாரர் ஒருவரின் இணைப்பு உள்ளே போயிற்று. புழு அவ்வழியே புகுந்ததில், பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கம்ப்யூட்டர் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செயலிழந்தது. அணு உலை அப்போது வேறு காரணத்தால் நிறுத்தப்பட்டிருந்தது நல்லதாயிற்று.

அணுமின் நிலையம் நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. இதே கடற்கரையில் தென்மேற்கே கூடங்குளம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் அங்கேயும் ஒரு கம்ப்யூட்டரில் தீய நிரல் புகுந்தது. இந்திய அணுமின் கழகம் இதை அக்டோபர் 30 அன்று உறுதி செய்தது. அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் என்றும், நிலையத்தின் முக்கிய வலைப்பின்னல் அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்றும் அறிவித்தது. இரண்டுக்கும் நடுவே கதவு வைக்காததன் மதிப்பு அன்று விளங்கிற்று. ஆகவே நூலகப் பேரேட்டை ஆசிரியர் அறைக்குத் திறப்பதென்றால் அந்த அறையின் முகவரிக்கு மட்டும் திறக்க வேண்டும். ‘எல்லாரும் வரலாம்’ என்று எழுதினால் கோளாறு அந்த நிமிடமே தீரும். பூட்டு இல்லாத பேரேடு ஊர் முழுவதற்கும் கிடைக்கும்.

ரேஷன் கடையிலோ இ-சேவை மையத்திலோ நாம் பார்க்கும் கம்ப்யூட்டரில் பேரேடு இல்லை. அது தொலைவிலுள்ள தரவு மையத்தில் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவரால் அதைத் திறக்க இயலாது. ஆனால் திரையில் வந்த வாசகத்தையும் நேரத்தையும் குறித்து மேலிடத்துக்குச் சொல்ல அவரால் முடியும். ‘டவுன்’ என்று மட்டும் சொன்னால் பழுது பார்ப்பவர் முதலிலிருந்து தேட வேண்டும். ‘டைம்டு அவுட், காலை 10.20’ என்றால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். வரிசையில் நிற்கும் தாயும் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘இங்கே மட்டுமா தம்பி, எல்லா ஊரிலுமா?’ இங்கே மட்டும்தான் என்றால் பழுது அந்த மையத்தின் இணைப்பில் இருக்கிறது. அடுத்த பஸ்ஸில் திசையன்விளைக்குப் போய், அன்றைக்கே வேலையை முடித்துக்கொண்டு வரலாம்.