தெருமேடைக் கிதார் கலைஞரும் நமது கடை மின்சாரமும்



ஆடி பிறந்துவிட்டால் நமது கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் வட்டாரத்தில் அம்மன் கோயில்தோறும் கூழ் ஊற்றுவதும், இரவில் தெருவில் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி வைப்பதும் வழக்கம். வளையல் கடை, பொரிக்கடை, ராட்டினம் என்று கூட்டம் சேரும். மளிகைக் கடைகளிலும் அன்று கல்லா சற்று நிறையும். நன்கொடைப் புத்தகத்தில் முதல் பக்கம் பெரும்பாலும் வணிகர் பெயர்தான். மேடைக்கு ஒயர் இழுப்பதும் பல இடங்களில் நமது கடையிலிருந்துதான். ஆகவே அந்த மேடையில் நிற்பவரின் நலனில் நமக்கும் பங்கு உண்டு.

தட்டியில் பாடகர் பெயர் பெரிதாக இருக்கும். அவருக்குப் பின்னால் எலக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு நிற்கும் பையனின் பெயர் யாருக்கும் தெரியாது. சினிமாப் பாட்டின் நடுவே அவன் நாலு வரி ராக் வாசித்தால் இளவட்டம் விசில் அடிக்கும், அத்தோடு சரி. ஆனால் இப்படிப்பட்டவர்களை எளிதாக நினைத்துவிடக் கூடாது. பண்ணைப்புரத்து இளையராஜா சிறுவயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடைகளில் வாசித்தவர். சென்னைக்கு வந்து பிற இசையமைப்பாளர்களுக்குக் கிதார் வாசித்த பிறகே 1976இல் "அன்னக்கிளி" வந்தது. ஒன்பது வயதில் தந்தையை இழந்த ஏ.ஆர். ரகுமானின் குடும்பம், அவர் விட்டுச் சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது. அவரும் இளமையில் சென்னையில் ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர்தான்.

இனி மின்சார விஷயத்துக்கு வருவோம். கிதாரின் தந்திகள் உலோகம். அவை கேபிள் வழியாக ஆம்பிளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். பாடும் மைக்கின் உலோகத் தலை, மைக்செட்டின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் எர்த் சரியாக இருந்தால் தொல்லை இல்லை. ஆம்பிளிஃபயருக்கு ஒரு கடையிலும் மைக்செட்டுக்கு எதிர்க் கடையிலும் ஒயர் எடுத்து, அதில் ஒன்றில் எர்த் இல்லாமல் பழுதும் சேர்ந்துவிட்டால், தந்தியில் கையும் மைக்கில் உதடும் பட்ட நொடியில் மின்சாரம் நெஞ்சு வழியே பாயும்.

இது கற்பனை அல்ல. 1972 மே 3ஆம் தேதி பிரிட்டனில் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற ராக் கிதார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். நல்ல கட்டிடத்துக்குள்ளேயே அப்படி என்றால், ஆடி மாத மாலை மழையில் நனைந்த பலகை மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

செலவு அதிகமில்லாத முன்னேற்பாடுகள் இவை: மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு பெறுவது அல்லது எர்த் செய்த ஜெனரேட்டர் வைப்பது நல்லது. எப்படி எடுத்தாலும் மேடை முழுவதற்கும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துச் சொருக விடக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சை மேடை போர்டில் பொருத்தச் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் கச்சேரிக்கு முன் சோதித்துவிட வேண்டும். மழை வந்தால் முதலில் மெயினை நிறுத்துவது, பிறகுதான் தார்ப்பாய்.

நேரமும் முக்கியம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களில் அரசு தனியாக அனுமதித்தால் மட்டும் நள்ளிரவு வரை. அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல். வரவேற்புரை, பொன்னாடை என்று ஒன்பதரை வரை இழுத்துவிட்டு, பத்து மணிக்குக் காவலர் வந்து நிறுத்தினால் "பாதிக் கச்சேரிதானே" என்று சம்பளத்தில் கை வைப்பது நியாயமா? தாமதம் செய்தவர்கள் விழாக் குழுவினர் அல்லவா?

சம்பள விஷயத்தில் நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம். கச்சேரி முடிந்ததும் பணப் பொறுப்பாளர் வீட்டுக்குப் போய்விடுவார். குழுத் தலைவர் கையில் கிடைத்ததை வைத்து முதலில் மைக்செட் வாடகை, வேன் வாடகை, பிறகு பாடகர்கள் என்று கொடுப்பார். மீதி இல்லை என்றால் துண்டு விழுவது கிதார்காரன் தலையில். மேடையில் கைதட்டு வாங்கிய அதே பையன், கடைசி மின்சார ரயிலைப் பிடிக்கக் கிதாரை முதுகில் சுமந்து வெறுங்கையோடு ஓடுவான். நாம் மூட்டையை இறக்கிய பிறகு "பில்லில் பாதிதான் தருவேன்" என்று ஒருவர் சொன்னால் ஒப்புவோமா? அவனுக்கும் அது தொழில். கிதார் அவனுடைய முதல். தந்தி மாற்றுவதும் ரயில் செலவும் அவனுடைய நடைமுறைச் செலவு.

ஆகவே வணிகப் பெருமக்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். இந்த ஆடியில் நன்கொடை ரசீது வாங்கும்போதே விழாக் குழுவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எர்த் போட்டாயிற்றா? கச்சேரி எத்தனை மணிக்குத் தொடங்கும்? வாத்தியக்காரர்களின் பாக்கியை மேடையை விட்டு இறங்குமுன் கொடுப்பவர் யார்? பணம் கொடுக்கும் நமக்குக் கேட்கும் உரிமை உண்டு. நமது தெருவுக்கு வந்து வாசித்தவர் உயிரோடும் கூலியோடும் வீடு போய்ச் சேர்வதே விழாவுக்குச் சிறப்பு.