தோரணமும் மண்ணும்: விழாக்கழிவு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

விழா அலங்காரம் பற்றி எழுதுவோர் அதன் அழகினையும் மங்கலக் குறிப்பினையுமே பெரும்பாலும் விதந்துரைப்பர். விழா முடிந்த மறுநாள் அது எங்கே செல்கிறது, யார் அதனை அகற்றுகின்றனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மருதனார்மடத்தையும் அதனைச் சூழ்ந்த வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு நோக்குவோம்.

குருத்தோலை, மாவிலை, குலைவாழை, கமுகு ஆகியன வளவிலும் தோட்டத்திலும் விளைபவை. முன்னர் அவை மீண்டதும் ஆங்கேயாகும். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பூவரசு முதலிய மரங்களின் குழையையும் பனையோலையையும் தோட்டத்திலே புதைத்து மண்ணால் மூடுவர். குழை தாழ்த்தல் என வழங்கும் இம்முறை புகையிலைச் செய்கையுடன் நெருங்கிய தொடர்புடையது. வேலியிலும் கூரையிலும் ஆண்டுக்கணக்கில் இருந்து உக்கிய ஓலையும் ஈற்றில் பசளையாயிற்று. வாழைத்தண்டு மாட்டுக்குத் தீனியாயிற்று. தாவரப் பொருளைப் பொறுத்தவரை, கழிவு என்னும் கருத்துக்கே பெரிதும் இடமில்லாத உற்பத்திமுறை இதுவெனலாம்.

எனினும் இதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. குருத்தோலை வெட்ட மரமேறியோரும், பந்தலுக்கு வெள்ளை கட்டியோரும், வீதி கூட்டியோரும் சாதியால் ஒடுக்கப்பட்டவர்களே. அவர்கள் கைபட்ட தோரணம் கோயிலுள்ளே தொங்கியது. அவர்களோ வெளியே நிறுத்தப்பட்டனர். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டமும் இம்முரண்பாட்டின் வெளிப்பாடுகளே. மண்ணின் வளச்சுழற்சி சீராயிருந்தபோதும் மனித உறவு சீராயிருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

சந்தைப் பொருளாதாரம் விரிவுற்றதும் குருத்தோலையின் இடத்தைப் பொலித்தீன் பிடித்தது. குழையின் இடத்தை இரசாயனப் பசளை பிடித்தது. மண்ணின் சத்துக்கள் உணவாக நகருக்குச் சென்று மீளாமற் போவதை, லீபிக்கின் ஆய்வுகளைக் கற்ற மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்திலேயே சுட்டிக்காட்டினார். தோட்டத்து விளைபொருள் நாள்தோறும் குவியும் மருதனார்மடச் சந்தையை நோக்கின் அக்கூற்றின் பொருள் தெளிவாகும்.

இலங்கை அரசு 2017 செப்டெம்பரில் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தல்கள் சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரத்தைத் தடைசெய்தன. பிளாஸ்திக் உள்ளிட்ட குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதையும் தடைசெய்தன. ஆயின் இயற்கைப் பொருளுக்குத் திரும்புவது பாதி வழியே. குருத்தோலை நைலோன் கயிற்றிலும் கம்பியிலும் கட்டப்பட்டு, அவற்றோடு ஒன்றாகவே வீசப்படுமாயின் அதுவும் குப்பையே.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் படையில் தேங்கும் மழைநீரே கிணற்று நீராகின்றது. செறிவான தோட்டச்செய்கைப் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களின் ஆய்வுகளே காட்டின. தாவர எச்சம் மண்ணுக்கு மீளும்போது மண்ணின் ஈரமும் சத்தும் பேணப்படும். இரசாயனப் பசளையின் தேவையும் ஓரளவு குறையும்.

இதற்கான வழிமுறை எளிது. முதலில் கயிறு, கம்பி, நிறத்தாள் ஆகியவற்றை நீக்குதல் வேண்டும். பூவும் மாவிலையும் சாணத்துடனும் சருகுடனும் மாறிமாறி அடுக்கி, ஈரம் பேணி, இடையிடையே புரட்டிவிடின் சில மாதங்களிற் கூட்டெருவாகும். தென்னோலை மெதுவாகவே உக்கும். ஆதலின் அதனைத் துண்டாக்கித் தென்னையடியிற் பரப்புதலோ தோட்டத்திற் தாழ்த்தலோ தகும். வாழைத்தண்டைப் பிளந்து நறுக்குதல் வேண்டும். மடலிடுக்கில் மழைநீர் தேங்கின் நுளம்பு பெருகும். எருக்குவியல் கிணற்றருகே அமையலாகாது. இயற்கை எருவிலிருந்தும் நைத்திரேற்று கசியும். நெடுநாள் புரட்டாது விடப்படும் குவியலில் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பதும் கருதத்தக்கது.

இவ்வேலையை யார் செய்வது என்பதே ஈற்றில் எஞ்சும் வினா. தரம்பிரித்தலைச் சுத்திகரிப்புத் தொழிலாளரின் தலையிற் சுமத்துவது பழைய ஒடுக்குமுறையைப் புதிய பெயரில் தொடர்வதேயாகும். தோரணம் கட்டுவிப்போரே அதனை அவிழ்த்துப் பிரித்தல் வேண்டும். எஞ்சிய உழைப்புக்கு உரிய ஊதியமும் பாதுகாப்பும் வழங்கப்படல் வேண்டும். மண்ணுக்குரியதை மண்ணுக்கும் உழைப்புக்குரியதை உழைப்போருக்கும் திருப்பி அளிக்கும்போதே விழா முழுமைபெறும் என்பது எமது கருத்தாகும்.