ஏழு முறை வரும் ‘மன்னே’

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியையும் ஔவையாரையும் நெல்லிக்கனிக் கதையில் எல்லோருக்கும் தெரியும். மார்பில் வேல் பாய்ந்து அவன் மாண்டபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு அந்த அளவுக்குத் தெரிந்ததல்ல. புறநானூற்றில் அது 235ஆம் பாட்டு. வாய்விட்டுப் படிக்க வேண்டிய பாட்டு.

முதற்பாதி முழுவதும் நினைவுகள். கொஞ்சம் கள் கிடைத்தால் ஔவைக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் அவர் பாட, மகிழ்ந்து தானும் குடிப்பான். கறி கிடைக்கும் இடமெல்லாம் அவருக்கு, அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தனக்கு. நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் அவர் தலையைத் தடவிக்கொடுப்பான். இப்படி ஒவ்வொரு நினைவும் ‘மன்னே’ என்று முடிகிறது. மொத்தம் ஏழு முறை.

‘மன்’ ஓர் இடைச்சொல். கழிவு, ஆக்கம், ஒழியிசை என அதற்கு மூன்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். ‘அதெல்லாம் போயிற்றே’ என்பதுதான் கழிவு. அதற்கு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவதும் இந்தப் பாட்டையே. ஈயும், உண்ணும், நிற்கும் என்ற வினைகளைக் கவனித்தால் இன்னொன்று புலப்படும். இறந்தகால வினைமுற்று ஒன்றுகூட அங்கே இல்லை. வினை அவனை உயிரோடு நிறுத்துகிறது. அடுத்து வரும் ‘மன்னே’ அவனைப் பறித்துக்கொள்கிறது. ஏழு முறை அவன் எழுந்து ஏழு முறை சாகிறான்.

திருப்பிச் சொல்லும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. 1620இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய டேனியர்களின் பழங்கதைப் பாடல்கள் அதற்குப் பேர்போனவை. ஆண்டர்ஸ் சோரென்சன் வேடல் அவற்றில் நூறைத் தொகுத்து 1591இல் அச்சிட்டார். அங்கே திரும்ப வருவது பெரும்பாலும் முழு வரி. கதையிலிருந்து சற்று விலகி நிற்கும். ஔவையின் ‘மன்னே’யோ வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் இரங்கல் போய்விடும், வெறும் புகழ்ச்சிதான் மிஞ்சும். டேனியப் பாடலில் ஓசை ஒத்துவருவது அடியின் கடைசியில். தமிழ் எதுகைக்கு இடம் அடியின் தொடக்கம், சீரின் இரண்டாம் எழுத்து. ‘என்பொடு’, ‘அம்பொடு’ என்று அடுத்தடுத்த அடிகள் தொடங்குகின்றன. னகரமும் மகரமும் மெல்லினம் என்பதால் இது மெல்லின எதுகை. எலும்பும் அம்பும் இப்படிப் பக்கத்தில் வந்து நிற்பது காதுக்கே வலிக்கிறது.

யாப்பு ஆசிரியப்பா. நாற்சீர் அடிதான் அதன் இயல்பான நடை. இங்கே ஓர் அடி இரண்டே சீரில் நின்றுவிடுகிறது, சில ஐந்து சீருக்கு நீள்கின்றன. அழுகிறவரின் மூச்சு அப்படித்தான் இருக்கும்.

ஏழாவதற்குப் பிறகு ‘மன்னே’ வரவில்லை. வேல் வந்துவிடுகிறது. அது பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்போர் கையை ஊடுருவி, புலவர் நாவில் போய் விழுகிறது. ‘மன்னே’ இருந்த இடத்துக்கு இப்போது ‘இல்லை’ வருகிறது, இரண்டு முறை: பாடுவோரும் இல்லை, கொடுப்போரும் இல்லை. சூடுவார் இல்லாத பகன்றைப் பூவைச் சொல்லி, ‘மன்னே’யில் ஏழு முறை இழுத்து அழுத அதே ஏகாரத்தில் பாட்டு முடிகிறது.