பாலோடு சேராத பழம்

மதுரையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று முந்தின நாள் இரவே பழக்கலவை செய்து ஃபிரிட்ஜில் வைத்தாராம். மறுநாள் மதியம் எடுத்துப் பரிமாறினால் ஒரே கசப்பு. பால் திரியவில்லை, பழமும் அழுகவில்லை, சர்க்கரையும் போதுமான அளவு இருந்தது. பிறகு ஏன் கசந்தது என்று கேட்கிறார். போட்ட பழங்களையும் வரிசையாகக் குறிப்பிட்டிருக்கிறார்: வாழை, மாம்பழம், மாதுளை, திராட்சை, அன்னாசி. எல்லாவற்றையும் ஆறவைத்த கஸ்டர்டில் கலந்திருக்கிறார்.

பழக்கலவை செய்யும் முறையைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. சித்திரை பிறந்தால் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். வாழையும் ஆப்பிளும் கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும், தர்பூசணியைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் பேச விரும்புவது அந்த வரிசையின் கடைசிப் பழத்தைப் பற்றி. அன்னாசியைப் போல என்னை வியக்கவைத்த பழம் வேறில்லை.

அன்னாசிச் சாற்றில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. அதன் பெயர் புரோமிலைன். வெனிசுவேலாவைச் சேர்ந்த வேதியியலர் விசென்டே மார்கானோ 1891-இல் அதைப் பழத்திலிருந்து பிரித்தெடுத்தார். நிறைய அன்னாசி தின்றால் நாக்கும் உதடும் எரிகின்றனவே, அதில் இந்த நொதிக்குப் பங்குண்டு. நாக்கைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலமும் புரதத்தால் ஆனதுதான். நொதி அதை அரிக்கிறது. பழத்திலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களும் சேர்ந்து குத்துகின்றன. வாய் சீக்கிரமே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கிண்ணத்தில் இருக்கும் பாலுக்கு அந்த வசதி கிடையாது.

பாலில் இருக்கும் முக்கியப் புரதம் கேசின். அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று பிடித்துக் கோத்த நீளமான சங்கிலி அது. முழுச் சங்கிலி நம் நாக்கின் சுவை ஏற்பிகளில் பொருந்தாத அளவுக்குப் பெரியது. அதனால் அதன் கசப்பு நமக்குத் தெரிவதில்லை. என் அம்மா வாழைநாரில் மல்லிகை தொடுப்பார். சரம் முழுசாக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரிவது பூ மட்டும்தான். அதையே துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் நார் துருத்திக்கொண்டு நிற்கும். கேசினை நொதி வெட்டும்போதும் அப்படித்தான் ஆகிறது. நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்களைக் கொண்ட குட்டித் துண்டுகள் வெளியே வருகின்றன. அவை கசப்பு ஏற்பிகளில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. வாசகியின் விருந்தாளிகள் உணர்ந்தது இந்தக் கசப்பைத்தான்.

கலந்த உடனே சாப்பிட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நொதிக்கு நேரம் வேண்டும். ஃபிரிட்ஜின் குளிர் அதை மந்தப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஓர் இரவு அதற்குத் தாராளம்.

பப்பாளியிலும் இதே குணமுண்டு. அதன் நொதி பப்பைன். காயைக் கீறினால் வடியும் பாலில் மிகுதியாக இருப்பது அதுதான். இலையைத் தின்ன வரும் புழுக்களிடமிருந்து மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் ஆயுதம் அந்தப் பால். முற்றிய ஆட்டுக்கறி வேக மாட்டேன் என்றால் பப்பாளிக்காயை அரைத்துப் பூசி ஊறவைக்கும் சமையற்காரர்கள் இந்த நொதியைத்தான் வேலை வாங்குகிறார்கள். பழுக்கப் பழுக்க அது குறைகிறது. ஆனாலும் பப்பாளி மில்க்‌ஷேக்கைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து குடித்தால் கசப்பு தட்டும். கிவிப் பழமும் இந்தக் கூட்டம்தான். வாழை, மாம்பழம், சப்போட்டா ஆகியவற்றைப் பாலில் தைரியமாகச் சேர்க்கலாம்.

வெப்பம் பட்டால் நொதி செயலிழந்துவிடும். கேரளத்து அன்னாசிப் பச்சடியில் பழத்தை முதலில் வேகவைத்துவிட்டுப் பிறகே தயிர் சேர்க்கிறார்கள். நொதி என்ற சொல்லைக் கேள்விப்படாத பாட்டிமார்கள் கண்டுபிடித்துக் கைமாற்றிய முறை அது. நான் மிகவும் மதிக்கும் அறிவு இது. டப்பாவில் அடைத்து வரும் அன்னாசி பாலோடு ஒத்துப்போவதற்கும் காரணம் அதைச் சூடாக்கியிருப்பதுதான்.

ஜெல்லி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெலட்டின் விலங்குப் புரதம். பச்சை அன்னாசியைச் சேர்த்தால் எத்தனை மணி நேரம் குளிரவைத்தாலும் அது உறையாது. கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த அகர் உறையும். அது புரதமல்ல, மாவுச்சத்தின் உறவு. நொதியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அகர் எடுக்க உதவும் பாசிகளில் ஒன்றான மரிக்கொழுந்துப் பாசி மன்னார் வளைகுடாவில் விளைகிறது. இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து அதைப் பறித்து வருகிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு செய்யும் வேலை. ஜெல்லி தின்னும் பிள்ளைகளிடம் அந்தப் பெண்களைப் பற்றியும் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

அன்னாசியும் பப்பாளியும் வேண்டும், கசப்பும் கூடாது என்றால் எளிய வழி, பாலையே விட்டுவிடுவது. இந்த வெயிலுக்கு அதுதான் பொருத்தமும்கூட. இளநீரை ஊற்றி, அதன் வழுக்கையைக் கீறிப் போடுங்கள். தோல் நீக்கிய நுங்கு, கிர்ணி, அன்னாசி, கொஞ்சம் தர்பூசணி, ஒரு மூடி எலுமிச்சை, இரண்டு சிட்டிகை உப்பு, கிள்ளிய புதினா போதும். உப்பு கசப்பை அடக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். சர்க்கரை வேண்டவே வேண்டாம். நறுக்கிய பழத்தில் சர்க்கரையைத் தூவினால் அது பழத்துக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். அரைமணி நேரத்தில் துண்டுகள் துவண்டு பாகில் மிதக்கும். நுங்கும் கிர்ணியும் கிடைக்கும் மாதங்களில்கூட மெழுகு பூசிய ஆப்பிளைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பனங்காட்டுப் பக்கம் போனால் காலையில் வெட்டிய நுங்கு கிடைக்கிறது. அதற்கு ஈடான பழம் எந்தக் குளிர்ப்பெட்டியிலும் இல்லை.

அண்மையில் போன ஒரு திருமண வரவேற்பில் பழக்கலவை வாளி வாளியாகக் கொட்டப்பட்டதைக் கண்டேன். காலையிலேயே நறுக்கி, கஸ்டர்டில் ஊறவைத்து, எசென்ஸ் ஊற்றி, இரவு ஒன்பது மணிக்குப் பரிமாறியிருக்கிறார்கள். ஒரு வாய் வைத்தவர்கள் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். ஓர் அன்னாசிச் செடி நட்டு, பூத்து, பழம் தர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதுவும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு பழம். கொல்லிமலைச் சரிவில் அதை விளைவித்து இறக்கியவரின் உழைப்பு அந்த வாளியில் கிடந்தது. பறித்த பிறகு அன்னாசி மேலும் இனிப்பதில்லை. செடியிலேயே பழுத்ததைத்தான் அவர்கள் நமக்குத் தருகிறார்கள். அதைக் கெடுப்பது நம் அவசரமும் அசட்டையும்.

வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் சமையல் ஒப்பந்தக்காரரிடம் விலை பேசும்போதே, பழம் எத்தனை மணிக்கு நறுக்குவீர்கள் என்று கேளுங்கள். பந்திக்கு அரைமணி முன்னால்தான் என்று எழுதி வாங்குங்கள். அன்னாசியும் பப்பாளியும் தனிப் பாத்திரத்தில் இருக்கட்டும். கஸ்டர்டு வேண்டுமென்கிறவர் கிண்ணத்தில் அங்கேயே ஊற்றிக்கொள்ளட்டும்.