மீனின் சன்னல்

ஐப்பசி மழை நாலு நாள் பெய்து ஓய்ந்ததும் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். மூங்கில் கழியும் நரம்பும் கையுமாகச் சிறுவர்கள் நிற்பார்கள். கொட்டாங்கச்சியில் மண்புழு, தக்கைக்கு ஒரு தெர்மோகோல் துண்டு. பேச்சும் சிரிப்புமாகக் கரை அமளிப்படும். ஆனாலும் ஜிலேபிக் கெண்டையும் கெளுத்தியும் மாட்டிக்கொண்டுதான் இருக்கும். இதே சிறுவர்களை நீலகிரியில் அவலாஞ்சி ஓடைக்கரையில் நிறுத்தினால், மாலை வரை ஒரு மீன்கூடக் கிடைக்காது. திறமைக் குறைவு காரணமன்று. அங்கே மீன் அவர்களைப் பார்த்துவிடும்!

அவலாஞ்சியில் வாழ்வது டிரவுட் மீன். அது நம் நாட்டு மீனன்று. 1863-இல் ஃபிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் அதை நீலகிரியில் குடியேற்ற முயன்றார், பலிக்கவில்லை. வெகுகாலம் கழித்து, எச்.சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். பசிபிக் கடலோரத்து ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் இங்கே ஊன்றிக்கொண்டது. அதன் உறவு மீனான புல் டிரவுட், வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வாழ்கிறது. அதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும். இலையுதிர் காலத்தில் நீர் 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால்தான் முட்டையிடத் தொடங்கும். அந்தப் பருவத்தில் அதைத் தேடிக் காட்டு விடுதிகளில் போய்த் தங்குகிறவர்கள் உண்டு.

இந்த மீன்களுக்கு ஏன் குளிர்ந்த நீர்? 'குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகமாகக் கரையும்' என்பீர்கள். நானும் வகுப்பில் அவ்வளவோடு நிறுத்திக்கொள்வதுண்டு. ஒருநாள் ஒரு மாணவி, "மலை மேலே காற்றழுத்தம் குறைவாச்சே சார்?" என்று கேட்டுவிட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். கடல் மட்டத்தில் 30 டிகிரி நீர், லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 15 டிகிரி நீர் 10 மில்லிகிராம் வைத்திருக்கும். ஆனால் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே அங்கே 15 டிகிரி நீரிலும் 8 மில்லிகிராம் அளவே இருக்கும். குளிர் கொடுத்ததில் பெரும்பகுதியை உயரம் பிடுங்கிக்கொள்கிறது!

மீதி விடை மீனின் உடலில் இருக்கிறது. அது குளிர்ரத்தப் பிராணி. நீரின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வரவு குறையும்போதே செலவு ஏறுகிறது. 25 டிகிரியை நெருங்கினால் வானவில் டிரவுட் திணறிப்போகும். ஓடை சூடேறினால் மீன் இன்னும் மேலே ஏறிப் போகலாமே என்று தோன்றும். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

இனி, தூண்டிலைப் பார்ப்போம். டிரவுட் மீனுக்குப் புழு வேண்டாம். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி போதும். இந்தப் பூச்சிக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். நம் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே கனமான கயிறு, பூச்சியை இழுத்துக்கொண்டு போகிறது. சாட்டையைச் சொடுக்குவதுபோலக் கழியை வீசினால், கயிறு காற்றில் சுருளாக உருண்டு விரிந்து, பூச்சியை நீர்மேல் மெல்ல இறக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வகைத் தூண்டிலில் தேர்ந்த நண்பர் ஒருவருடன் அங்கே போயிருந்தேன். அவர் நீரிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் குந்தியிருந்தார். நானோ வேடிக்கை பார்க்கும் ஆசையில் எழுந்து முன்னால் போனேன். நீருக்குள் ஒரு நிழல் சட்டென்று மறைந்தது. "ஒளியியல் பாடம் நடத்துகிறவர்தானே நீங்கள்?" என்றார் நண்பர். அன்று எங்களுக்கு மீன் இல்லை.

நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கித் தெரியும். நீரின் ஒளிவிலகல் எண் 4/3. ஆகவே மாறுநிலைக் கோணம் 48.6 பாகை. செங்குத்துக்கு இந்தக் கோணத்துக்குள்தான் வானம், மரம், மனிதன் எல்லாம். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு வெறும் கண்ணாடி. முழு அக எதிரொளிப்பால் ஓடையின் அடித்தளமே அதில் தெரியும். மீன் 50 செ.மீ. ஆழத்தில் இருந்தால் சன்னலின் ஆரம் 57 செ.மீ.

கரையில் இருப்பவன் சன்னலின் விளிம்பில் நசுங்கித் தெரிவான். எவ்வளவு நசுங்குவான்? மீனுக்கு நேர் மேலுள்ள நீர்ப்பரப்பிலிருந்து தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கரை நீர்மட்டத்தில் இருப்பதாகக் கொள்ளுங்கள். 5 மீட்டரில் நிற்கும் 1.8 மீட்டர் உயர மனிதன், மீனின் கண்ணில் 3.7 பாகை உயரம். 10 மீட்டரில் நின்றால் 1 பாகை. அதே 10 மீட்டரில் உயரம் பாதியாகும்படி குந்திவிட்டால், அரைப் பாகை என்பீர்கள். இல்லை, கால் பாகைதான்! சைன் அட்டவணையை வைத்துக்கொண்டு நீங்களே சரிபாருங்கள். ஆக, நண்பரைவிட நான் 14 மடங்கு பெரிதாகத் தெரிந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, தாழ்ந்த கோணத்தில் வரும் ஒளியில் பெரும்பகுதி நீர்மேல் பட்டுத் திரும்பிவிடுவதால், குந்தியவர் மங்கலாகவும் தெரிவார்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் பாதி நீர் ஊற்றிக் கண்ணுக்கு மேலே தூக்கி, பக்கவாட்டிலிருந்து நீரின் அடிப்பரப்பைப் பாருங்கள். வெள்ளித் தகடுபோல் மின்னும். உள்ளே ஒரு கரண்டியை இட்டால், அதன் பிம்பம் அந்தத் தகட்டில் தலைகீழாகத் தொங்கும்.

அந்தப் பொய்ப் பூச்சி ஒன்றை நண்பரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அனகாபுத்தூர் கரையில் ஒரு சிறுவனிடம் அதைக் காட்டினேன். சன்னல், கண்ணாடி, கால் பாகை எல்லாம் சொன்னேன். சாக்கடை கலந்து கலங்கிய இந்த நீரில் சன்னல் ஏது? கெளுத்தி தன் மீசையால் சுவை அறிந்தல்லவா இரை தேடுகிறது? இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவன் இறகை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இது இங்க எடுபடாது சார். வாசமே இல்லையே!"