செல்பேசியில் கேட்காத பேஸ் கிட்டார்: நவீன ஒலிப்பதிவு குறித்துக் கலைஞர்கள் சொல்வது என்ன?

மும்பை: திரைப்படப் பாடல் ஒன்றைச் செல்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்பவருக்குப் பாடகரின் குரல் கேட்கிறது, புல்லாங்குழல் கேட்கிறது, டிரம்ஸின் மேல் ஓசையும் கேட்கிறது. பாடலை அடியிலிருந்து தாங்கும் பேஸ் கிட்டாரின் அடிப்படை நாதம் மட்டும் அந்தச் சிறு கருவியிலிருந்து ஏறக்குறைய வெளிவருவதே இல்லை. அதே பாடலைக் காரிலோ திரையரங்கிலோ கேட்கும்போதுதான் அப்படியொரு கருவி அதில் இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது.

அந்தக் கருவியை வாசிப்பவர்களிடையே நீண்ட காலமாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. பேஸ் என்பது இனி கீபோர்டிலும் கணினியிலும் அமைத்துக்கொள்ளக்கூடிய தாழ்ந்த ஓசை மட்டும்தானா, அல்லது ஒருவர் கையால் வாசித்தே தீர வேண்டிய கருவியா என்பதே அந்த விவாதம். ரசனை சார்ந்த கேள்வியாகத் தோன்றினாலும், ஒலிப்பதிவுக்கூட வாசிப்பையே தொழிலாகக் கொண்டவர்களின் ஊதியமும் பெயரும் அதில் அடங்கியுள்ளன.

எட்டு மீட்டர் நீள அலை

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது தந்தி சேர்க்கப்பட்ட கருவிகளில் இது சுமார் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. 41 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். விரல் நகம் அளவுள்ள செல்பேசி ஒலிபெருக்கியால் அவ்வளவு பெரிய அலைக்குரிய காற்றைத் தள்ள முடியாது.

ஆயினும் பேஸ் முற்றிலும் மறைந்துபோவதில்லை. எந்தத் தந்தியும் அடிப்படை நாதத்துடன் அதன் மடங்குகளான மேல் நாதங்களையும் எழுப்புகிறது. மேல் நாதங்கள் மட்டும் காதில் விழுந்தாலும், விடுபட்ட அடிப்படை நாதத்தை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இந்த இயல்பை அறிந்த ஒலிக்கலவைப் பொறியாளர்கள், பேஸ் ஒலியைச் சற்றே சிதைத்து மேல் நாதங்களைப் பெருக்குகின்றனர். இதற்கெனவே மென்பொருள்களும் உள்ளன.

பேஸ் கலைஞர்களின் முதல் முறையீடு இங்கேதான் தொடங்குகிறது. விரலின் அழுத்தம், தந்தியைத் தொடும் இடம் ஆகியவற்றால் ஒலியின் நிறத்தைத் தீர்மானிப்பது அவர்களின் கலை. வாசித்து முடித்த பிறகு செல்பேசிக்கு ஏற்றவாறு அந்த நிறம் மாற்றப்படும்போது, யார் வாசித்தது என்ற அடையாளமே கரைந்துவிடுகிறது என்பது பலரின் வருத்தம். பொறியாளர் தரப்பு நியாயமும் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. கேட்பவரை எட்டாத நாதத்தை எவ்வளவு அழகாகப் பதிந்தும் பயனில்லை.

மேலும், தாழ்ந்த ஒலிகளை மனிதக் காது குறைவாகவே உணர்கிறது. அவற்றை மற்ற கருவிகளுக்கு நிகராகக் கேட்கச் செய்ய அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. ஒரு பாடலுக்கென உள்ள மொத்த ஒலி வரம்பில் பெரும்பகுதியைப் பேஸும் டிரம்ஸின் கிக் ஓசையுமே எடுத்துக்கொள்கின்றன. எனவே கிக் விழும் ஒவ்வொரு கணமும் பேஸ் தானாகவே தணியும்படி அமைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. எந்தச் சுரம் எப்போது அடங்க வேண்டும் என்பதைக் கை தீர்மானித்த காலம் போய், அதைக் கருவி தீர்மானிக்கிறது.

ஒரே அறையில் நூறு பேர்

இந்தியத் திரையிசையில் இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை அறிய, பழைய ஒலிப்பதிவு முறையை நினைவுகூர வேண்டும். மும்பை தார்தேவ் பகுதியின் ஃபிலிம் சென்டர் போன்ற கூடங்களில் பாடகரும் பெரும் வாத்தியக் குழுவும் ஒருசேர அமர்ந்து வாசித்துப் பாடலைப் பதிவு செய்தனர். ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். இக்குழுக்களில் மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்த கோவா கலைஞர்கள் ஏராளமாக இருந்தனர். ஆர்.டி.பர்மனின் பாடல்களில் பேஸ் கிட்டார் வாசித்த டோனி வாஸ் அக்காலத்தின் முக்கியக் கலைஞர்களில் ஒருவர். இந்தக் கலைஞர்களின் வாழ்வையும் பணிமுறையையும் ஆய்வாளர் கிரிகரி பூத் 2008-இல் வெளியான தமது நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

சென்னையிலும் இதே முறைதான். 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜா, ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்களைத் தாமே எழுதிக் கொடுத்துக் குழுவை வாசிக்கச் செய்தார். மெட்டின் அடிச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்த பேஸ் கிட்டார், அவரது இசையில் குரலுடன் உரையாடும் இரண்டாவது மெட்டாக உயர்ந்தது. சசிதரன் போன்ற கலைஞர்கள் வாசித்த அந்தப் பகுதிகளைத் தனியே பிரித்து வாசித்துக் காட்டும் இளைஞர்கள் இன்றும் சமூக ஊடகங்களில் நிறைந்துள்ளனர். பேஸ் என்று ஒன்று இருப்பதைத் தமிழ்நாட்டின் சாதாரண ரசிகருக்கும் உணர்த்தியதில் அப்பாடல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கலைஞர்கள் அக்காலத்தைப் புகழ்வது பழமை மீதான ஏக்கத்தால் மட்டுமல்ல. ஒரே அறையில் வாசிக்கும்போது டிரம்ஸ் கலைஞரின் தோள் அசைவைப் பார்த்தே அடுத்த அடி எங்கே விழும் என்று பேஸ் கலைஞரால் அறிய முடியும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் சுரத்தைச் சற்று நீட்டலாம். தனித்தனியே பதியும் முறையில் அந்தப் பார்வைப் பரிமாற்றம் இல்லை.

இயந்திரம் வந்தது

பேஸ் கலைஞருக்கு மாற்றாகவே ஒரு கருவியை ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்தது. டிபி-303 என்ற அந்தச் சிறு பெட்டி, தனியே வாசிக்கும் கிட்டார் கலைஞர்களுக்குப் பேஸ் துணை வழங்கும் நோக்கில் தயாரிக்கப்பட்டது. உண்மையான பேஸ் கிட்டாரைப் போல அது சிறிதும் ஒலிக்கவில்லை. விற்பனையும் எடுபடாததால் 1984-இல் உற்பத்தி நின்றது.

ஆனால் மும்பைத் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் இதே கருவியையும் ஒரு தாளப் பெட்டியையும் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அதைக் கவனித்தவர்கள் சிலரே. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள் பழைய டிபி-303 கருவிகளைத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையை உருவாக்கினர். 2010-இல் சிங்கின் இசைத்தட்டு மறுவெளியீடு கண்டபோது, அந்த ஒலி அதற்கும் முன்பே மும்பையில் பிறந்திருந்ததை உலக ரசிகர்கள் வியப்புடன் கேட்டனர். பேஸ் கலைஞரை அகற்ற வந்த பெட்டி, அதைச் செய்யாமல் வேறொரு இசைக்கே தாயாகிவிட்டது.

வேலையை உண்மையில் குறைத்தவை பின்னர் வந்த சின்தசைசர்களும், பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரத்தையும் முன்கூட்டியே பதிந்து கீபோர்டில் வாசிக்க உதவும் மென்பொருள்களும்தான். 1992-இல் 'ரோஜா' வெளியானதற்குப் பிந்தைய ஆண்டுகளில், இசையமைப்பாளரின் சொந்தக் கூடத்தில் கணினியின் துணையுடன் பாடலை அடுக்கடுக்காகக் கட்டும் முறை நாடெங்கும் பரவியது. ஏ.ஆர்.ரஹ்மான் பேஸ் கலைஞர்களை விட்டுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கீத் பீட்டர்ஸின் பேஸ் அவரது பாடல்களில் தனித்து அறியப்படும் ஒலியாகும்.

இருபது மில்லி விநாடியில் என்ன இருக்கிறது?

இயந்திரத்தால் சரியான சுரத்தை வாசிக்க முடியும் என்பதைப் பெரும்பாலான பேஸ் கலைஞர்கள் மறுப்பதில்லை. அமெரிக்கக் கலைஞர் விக்டர் வூட்டன், சுரம் என்பது இசையின் பல கூறுகளில் ஒன்றே, தாள உணர்வும் மௌனமும் அதற்கு இணையானவை என்று தமது நூலிலும் பயிற்சி வகுப்புகளிலும் வலியுறுத்தி வருகிறார். கலைஞர்களின் வாதம் நிற்பது இந்த இடத்தில்தான்.

நிமிடத்துக்கு 100 அடிகள் கொண்ட பாடலில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 600 மில்லி விநாடி. அதில் பேஸ் சுரம் 20 மில்லி விநாடி முந்தினால் பாடல் துள்ளுவதுபோல் தோன்றும். அதே அளவு பிந்தினால் சாய்ந்து அமர்ந்ததுபோல் தோன்றும். கணினித் திரையில் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட காலத்தில், விலகிய சுரங்களை ஒரே சொடுக்கில் கட்டத்தின் கோட்டுக்கு இழுத்துவிடலாம். அவசரத்தில் அவ்வாறே செய்யப்படுகிறது. பிழை என்று நீக்கப்பட்டதே தமது வாசிப்பு என்பது கலைஞர்களின் குறை.

பிரிட்டன் கலைஞர் பினோ பல்லடினோ இதற்குச் சிறந்த சான்று. 2000-ஆம் ஆண்டு வெளியான டி'ஏஞ்சலோவின் 'வூடூ' தொகுப்பில் அவர் வேண்டுமென்றே தாளத்துக்குப் பின்தங்கி வாசித்தார். கட்டத்தில் வைத்துப் பார்த்தால் பல சுரங்கள் தவறானவை. அந்தத் 'தவறே' அதன் பிறகு வந்த ஒரு தலைமுறை இசைக்குப் பாடமாயிற்று.

கை மட்டுமல்ல, கருவியின் நிலையும் ஒலியைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தவர். தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அதில் படிந்த அழுக்குத்தான் இசைக்கு உயிர் என்பது அவர் கொள்கை. லாஸ் ஏஞ்சலிஸ் கலைஞர் கரோல் கே, தந்திகளின் மீது கம்பளித் துணியை வைத்து அதிர்வை அடக்கி வாசித்தார். இன்று பல மென்பொருள்கள் செய்யும் வேலையை அந்தத் துணித்துண்டு செய்தது.

தனியே பதிவது எப்போதும் இழப்பல்ல என்று கருதும் கலைஞர்களும் உள்ளனர். 1967-இல் வந்த பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' தொகுப்பில் பால் மெக்கார்ட்னி பல பாடல்களுக்கு மற்ற கருவிகள் பதிவான பிறகே பேஸ் வாசித்தார். முழுப் பாடலையும் கேட்டுவிட்டு வாசித்ததால்தான் அத்தனை மெட்டு வளம் மிக்க பேஸ் வரிகள் அவருக்கு வசப்பட்டன. பேஸே தேவையில்லை என்று முடிவெடுத்தவரும் உண்டு. 1984-இல் பிரின்ஸ் 'வென் டவ்ஸ் க்ரை' பாடலிலிருந்து பேஸ் பகுதியை முற்றிலும் நீக்கினார். அப்பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

வீட்டிலிருந்தே வாசிப்பு

புதிய தொழில்நுட்பம் பேஸ் கலைஞருக்கு ஒரு வசதியையும் தந்துள்ளது. வயலினுக்கும் டிரம்ஸுக்கும் நல்ல மைக்கும் ஒலி எதிரொலிக்காத அறையும் வேண்டும். பேஸ் கிட்டாரை நேரடியாகக் கணினியுடன் இணைத்தே பதியலாம். ஜேமர்சனும் ஒலிபெருக்கி இன்றி நேரடியாகப் பதிவு மேசையில் இணைத்தே வாசித்தவர்தான். எனவே ஷில்லாங்கிலோ கொல்கத்தாவிலோ வசிக்கும் ஒருவர் மும்பைப் பாடலுக்கு இரவில் வாசித்துக் காலையில் கோப்பை அனுப்பிவிடலாம். மும்பையில் குடியேறினால்தான் வாய்ப்பு என்ற நிலை தளர்ந்துள்ளது.

இதற்கும் விலை உண்டு. கூடத்தில் வாசித்தால் வேலைக்கு நேர வரம்பு இருக்கும். வீட்டிலிருந்து அனுப்பும் கோப்புக்கு 'இன்னொரு முறை' என்ற கோரிக்கை எத்தனை தடவையும் வரலாம். அனுப்பியதில் இரண்டு அளவுகளை மட்டும் வெட்டியெடுத்துப் பாடல் முழுவதும் ஒட்டிவிடுவதும் உண்டு. வாசித்தவருக்கு அது பாடல் வெளியான பிறகே தெரியவரும்.

பெயர் இருந்தால் உரிமை

பெயர் இடம்பெறுவது பெருமை சார்ந்த விஷயம் மட்டுமல்ல. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், இசைக்கலைஞரையும் 'நிகழ்த்துநர்' என ஏற்று, அவரது பங்களிப்பு வணிக நோக்கில் பயன்படுத்தப்படும்போது உரிமைத்தொகை பெற வழி செய்கிறது. திரைப்படங்களைப் பொறுத்தவரை அதில் ஒரு விலக்கும் உள்ளது. ஒருவரது பங்களிப்பு தற்செயலானதாக இருந்து, துறை வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் எங்கும் குறிப்பிடப்படாவிட்டால், அவர் மிகக் குறுகிய ஒரு நோக்கத்துக்கு அன்றி நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார். பேஸ் கலைஞரின் பங்களிப்பு தற்செயலானதா என்பது வாதத்துக்குரியது. ஆனால் பெயர் விடுபட்டால் வாதத்தைத் தொடங்கும் இடமே பலவீனமாகிவிடுகிறது. பாடகர்களுக்காகத் தொடங்கப்பட்ட உரிமைச் சங்கம், பின்னர் வாத்தியக் கலைஞர்களையும் இணைத்துக்கொண்டு இயங்கி வருகிறது.

மோடவுன் கலைஞர்களின் பெயர்கள் அந்நிறுவனத்தின் இசைத்தட்டு உறையில் முதன்முதலாக அச்சானது 1971-இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான். அதற்குள் ஜேமர்சன் வாசித்த பாடல்கள் பத்தாண்டுகளாக உலக வானொலிகளில் ஒலித்துக்கொண்டிருந்தன. இந்தியாவில் டிஜிட்டல் தளங்களில் பாடலைத் தேடுபவருக்குப் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர்கள் எளிதில் கிடைக்கின்றன. பேஸ் வாசித்தவர் பெயரைக் காண்பது இன்னும் அரிது.

இளைய தலைமுறையின் சில பேஸ் கலைஞர்கள் ஒலிப்பதிவைத் தாண்டியும் பெயர் பெற்றுள்ளனர். பேஸ் கலைஞரான தந்தையிடம் சிறுவயதிலேயே பயின்ற மும்பையின் மோஹினி டே, ரஹ்மான், ஜாகிர் உசேன் ஆகியோருடன் மேடையேறியவர். கொன்னக்கோல் சொற்கட்டுகளைச் சொல்லியபடியே அவற்றைத் தந்தியில் வாசித்துக் காட்டுவார். 2023-இல் தமது பெயரிலேயே முதல் தொகுப்பை வெளியிட்டார்.

மேடையில் நிலைமை தலைகீழாக உள்ளது. பதிவின்போது கீபோர்டில் உருவான பேஸ் பகுதியைக்கூடப் பெரிய கச்சேரிகளில் ஒரு கலைஞர் நின்று கையால் வாசிக்கிறார். அங்கே ஆள் உயர ஒலிபெருக்கிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. 41 ஹெர்ட்ஸ் நாதம் அவற்றிலிருந்து கிளம்பும்போது, காதுக்கு முன்பே நெஞ்சுக்கூடு அதை உணர்ந்துவிடுகிறது.